நாய்வரியிலிருந்து நச்சுத்துளி வரை: உண்ணி மருந்தின் கதை

மாத்தளை மாவட்டத்தின் வரலாற்றை எழுதப் புகும் எவரும் 1848ஆம் ஆண்டைக் கடந்து செல்ல முடியாது. அந்த ஆண்டின் கிளர்ச்சியைப் பற்றிப் பாடப்புத்தகங்களில் படித்தவர்கள் புரான் அப்புவையும் கொங்காலேகொட பண்டாவையும் நினைவில் வைத்திருப்பார்கள். கிளர்ச்சிக்குக் காரணமான வரிகளின் பட்டியலை நினைவில் வைத்திருப்போர் குறைவு. தேசாதிபதி டொரிங்டன் பிரபுவின் ஆட்சி துப்பாக்கிக்கு அனுமதிப்பத்திரம் கேட்டது. கடைக்கு அனுமதிப்பத்திரம் கேட்டது. வீதி அமைக்க உடலுழைப்பையோ அதற்கு ஈடான பணத்தையோ கேட்டது. அவற்றோடு நாய்க்கும் வரி கேட்டது.

சேனைப் பயிரைப் பன்றியிடமிருந்து காக்கவும், இரவில் வீட்டைக் காக்கவும் நாய் வளர்த்த கண்டிய விவசாயிக்கு இந்த வரி பரிகாசமாகவே பட்டிருக்கும். ஜூலை மாத இறுதியில் கிளர்ச்சியாளர் மாத்தளை நகரத்தைத் தாக்கினர். ஆகஸ்ட் 8ஆம் திகதி கண்டியில் புரான் அப்பு சுட்டுக் கொல்லப்பட்டார். கிளர்ச்சி நசுக்கப்பட்டது, ஆயினும் நாய்வரி நிலைக்கவில்லை. 1850இல் டொரிங்டனும் திருப்பி அழைக்கப்பட்டார்.

அதன் பின்னரும் அரசாங்கத்தின் கண் நாயின் மீது இருந்துகொண்டே இருந்தது. 1893இல் விசர்நாய்க்கடி நோய்ச் சட்டம் வந்தது. 1901இல் நாய்களைப் பதிவு செய்யும் சட்டம் வந்தது. நாய்க்கு உரிமையாளர் யார், அது கடிக்குமா, அதற்கு விசர் உண்டா என்பனவெல்லாம் சட்டத்தின் அக்கறைக்கு உட்பட்டன. அதே நாயின் தோலில் நாம் எதைப் பூசுகிறோம் என்பது நெடுங்காலம் யாருடைய அக்கறைக்கும் உரியதாக இருக்கவில்லை. இந்தக் கட்டுரை அந்தத் தோலின் வரலாற்றைப் பற்றியது.

உண்ணி குற்றவாளியான ஆண்டு

இலங்கையில் விசர்நாய்க்கடிச் சட்டம் பிறந்த அதே 1893இல், அமெரிக்காவில் தியோபல்ட் ஸ்மித், எஃப். எல். கில்போர்ன் என்ற இருவர் ஓர் ஆய்வை வெளியிட்டனர். மாடுகளைக் கொன்று குவித்த 'டெக்சஸ் காய்ச்சல்' உண்ணியால் பரவுகிறது என்பதை அவர்கள் நிறுவினர். கணுக்காலி ஒன்று முதுகெலும்புள்ள விலங்குக்கு நோயைக் கடத்துகிறது என்பதற்குக் கிடைத்த முதல் தெளிவான சான்றுகளுள் அது ஒன்று. நுளம்பு மலேரியாவைப் பரப்புகிறது என்பதை ரொனால்ட் ரொஸ் கண்டறிந்தது அதற்குச் சில ஆண்டுகளின் பின்னரே.

அதுவரை உண்ணி ஒரு தொல்லை. அதன் பின் அது குற்றவாளி. குற்றவாளிக்குத் தண்டனை வேண்டுமல்லவா? முதலில் கையில் எடுக்கப்பட்ட ஆயுதம் ஆசனிக் நஞ்சு. அவுஸ்திரேலியாவிலும் தென்னாபிரிக்காவிலும் அமெரிக்காவிலும் பெரிய தொட்டிகளில் ஆசனிக் கரைசலை நிரப்பி, மாடுகளை அதற்குள் நீந்த விட்டார்கள். உண்ணி செத்தது, தொட்டியைச் சுற்றியிருந்த மண்ணும் நஞ்சானது. அத்தகைய பழைய தொட்டிகள் இருந்த நிலங்கள் பல, ஒரு நூற்றாண்டு கடந்தும் ஆசனிக்கைச் சுமந்துகொண்டிருக்கின்றன.

இங்கே ஒரு வழக்கம் தொடங்குகிறது. மாட்டுக்கும் பயிருக்கும் கண்டுபிடிக்கப்பட்ட நஞ்சு, சில ஆண்டுகளில் சிறிய போத்தலில் அடைக்கப்பட்டு நாய்க்கும் பூனைக்கும் வந்து சேரும். பெரிய விலங்குக்கான மருந்து சிறிய விலங்குக்கு வரும்போது அளவு எங்கேயோ தவறிப்போகும். நூறாண்டு வரலாற்றை இந்த இரண்டு வாக்கியங்களில் அடக்கிவிடலாம்.

டி.டி.ரி. தந்த பாடம்

1934–35 மலேரியாக் கொள்ளைநோய் இலங்கையில் ஏறத்தாழ 80,000 உயிர்களைக் கொண்டுபோயிற்று. இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு டி.டி.ரி. நாட்டுக்குள் வந்தது. வீட்டுச் சுவர்களெல்லாம் வெள்ளையாகும்படி அதைத் தெளித்தார்கள். பல இலட்சமாக இருந்த மலேரியா நோயாளர் தொகை 1963இல் 17ஆகக் குறைந்தது. உலகமே இலங்கையைப் பார்த்து வியந்தது.

தெளிப்பு நிறுத்தப்பட்டது. 1969இல் நோயாளர் தொகை ஐந்து இலட்சத்தைத் தாண்டியது. திரும்பவும் தெளித்தபோது டி.டி.ரி.க்கு நுளம்பு பழகத் தொடங்கியிருந்தது. 1970களில் மலத்தியன் அதன் இடத்தைப் பிடித்தது. மலேரியா அற்ற நாடு என்று உலக சுகாதார நிறுவனம் இலங்கைக்குச் சான்றளித்தது 2016இல்தான். அதற்குக் காரணம் நஞ்சு மட்டுமல்ல. இரத்தப் பரிசோதனையும் நோயாளியைத் தேடிச் சென்று சிகிச்சை அளித்த சுகாதார ஊழியர்களும் என்பதை மறந்துவிடலாகாது.

மலேரியாவுக்கும் உண்ணிக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். டி.டி.ரி. வீட்டுக்குள் நுழைந்த பின்னர்தான் 'தூளைத் தூவினால் பூச்சி சாகும், நமக்கு ஒன்றும் ஆகாது' என்ற நம்பிக்கை குடும்பங்களில் வேரூன்றியது. 1940களிலும் 50களிலும் மேலைநாடுகளில் அதே டி.டி.ரி. நாய்த் தெள்ளுக்கான தூளாகவும் விற்கப்பட்டது. பூனைக்கு அது ஆகாது என்பது அப்போதே தெரிந்திருந்தது. பூனை நாள் முழுதும் தன் உடலை நக்கித் துப்புரவு செய்யும் பிராணி. அதன் உரோமத்தில் பூசுவதெல்லாம் அதன் வயிற்றுக்குள் போய்ச் சேரும். இந்த எளிய உண்மையை, பின்னர் வந்த ஒவ்வொரு தலைமுறை மருந்தும் புதிதாகக் கற்க வேண்டியிருந்தது.

போபாலில் தயாரான தூள்

1984 டிசம்பர் 2ஆம் திகதி நள்ளிரவையொட்டி, இந்தியாவின் போபால் நகரிலிருந்த யூனியன் கார்பைட் தொழிற்சாலையிலிருந்து மெதைல் ஐசோசயனேட் வாயு கசிந்து ஆயிரக்கணக்கானோர் மாண்டதை நாம் அறிவோம். அங்கே தயாரிக்கப்பட்ட பொருள் என்ன என்பதைப் பலர் கேட்டதில்லை. அது 'செவின்' என்ற வணிகப் பெயர் கொண்ட கார்பரில். பருத்திக்கும் காய்கறிக்கும் அடிக்கும் பூச்சிகொல்லி. அதே கார்பரில், உலகின் பல நாடுகளில் நாய்த் தெள்ளுத் தூளிலும் கழுத்துப்பட்டியிலும் இருந்த பொருள். அமெரிக்காவில் கார்பரில் கலந்த செல்லப்பிராணிக் கழுத்துப்பட்டிகளின் பதிவு நீக்கப்பட்டது 2010இல். அதே குடும்பத்தைச் சேர்ந்த புரொபொக்சர் கழுத்துப்பட்டிகளை நிறுத்த 2014இல் உடன்பாடு ஏற்பட்டது. பட்டியில் படியும் தூள், நாயைத் தடவும் குழந்தையின் கைக்கும் அங்கிருந்து வாய்க்கும் போகிறது என்பதே அங்கு எழுந்த கவலை.

கார்பமேட், ஒர்கனோபொஸ்பேட் ஆகிய இரு வகை நஞ்சுகளும் நரம்புகளிடையே செய்தி கடத்தும் பொருளை உடைக்கும் நொதியத்தை முடக்குகின்றன. வாயில் நுரையும் எச்சிலும் வழியும்; கண்ணீர் வடியும்; வாந்தியும் பேதியும் வரும்; தசைகள் துடிக்கும்; மூச்சுத் திணறும். மருத்துவரிடம் இதற்கு ஒரு பதில் மருந்து இருக்கிறது. அது அற்றோபின். ஆனால் உடலுக்குள் போன நஞ்சு எது என்பதை அவர் அறிந்திருக்க வேண்டும். இதை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

பூவில் பிறந்தது, பூனையைக் கொல்வது

சாமந்திக் குடும்பத்துப் பூவொன்றைக் காயவைத்துப் பொடித்தால் பூச்சி சாகும் என்பது பழைய அறிவு. அந்தப் பைரித்திரம் வெயிலில் விரைவில் சிதைந்துவிடும். வெயிலைத் தாங்கும் செயற்கை வடிவத்தை இங்கிலாந்தின் ரோதம்ஸ்டெட் ஆய்வு நிலையத்தில் மைக்கல் எலியட்டும் அவரது குழுவினரும் 1973இல் உருவாக்கினர். அதுவே பெர்மெத்ரின். மனிதருக்கும் நாய்க்கும் ஒப்பீட்டளவில் பாதுகாப்பானது என்று பெயர் பெற்றது. நுளம்பு வலையிலும் அதுதான் தோய்க்கப்படுகிறது.

பூனையின் ஈரல் வேறு விதமாகப் படைக்கப்பட்டிருக்கிறது. இத்தகைய பொருட்களைச் சிதைத்து வெளியேற்றும் நொதியச் செயற்பாடு அதற்கு மிகக் குறைவு. நாயின் பிடரியில் இடும் சில துளிமருந்துகளில் பெர்மெத்ரின் நாற்பது சதவீதத்துக்கும் அதிகமாக இருக்கும். அதில் ஒரு சிறு பங்கு பட்டாலே பூனைக்கு நடுக்கம் எடுக்கும்; பின் வலிப்பு வரும். மருந்திட்ட நாயோடு ஒரே சாக்கில் படுத்துறங்கிய பூனைக்கும் இது நேர்ந்திருக்கிறது.

உக்குவளையில் எங்கள் வீட்டிலிருந்து சற்றுத் தள்ளி வசிக்கும் மூதாட்டி ஒருவருக்கு வெளிநாட்டிலிருந்து விடுமுறையில் வந்த மகள் நாய்க்கென்று துளிமருந்து கொண்டுவந்து கொடுத்திருந்தார். நாய்க்கு இட்டது போக மீதமிருந்ததை வீணாக்க மனமில்லாமல் அம்மா பூனைக்கு இட்டுவிட்டார். மறுநாள் காலையில் பூனை காலை உதறி உதறி விழுந்தது. அது ஒரு ஞாயிற்றுக்கிழமை. கண்டிக்குக் கொண்டுபோக முச்சக்கரவண்டி வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. "நாய்க்கு நல்லதுன்னா பூனைக்கு ஆகாதா, தம்பி?" என்று அவர் என்னிடம் கேட்டார். அட்டைப் பெட்டியில் பூனைப் படத்தின் மேல் குறுக்குக் கோடு போட்டிருந்தது. எச்சரிக்கை ஆங்கிலத்தில் அச்சாகியிருந்தது. பெட்டியை மகளோ அம்மாவோ வைத்திருக்கவில்லை. குப்பையிலிருந்து அதை எடுத்துக் காட்டியவர் அவருடைய பேரன்.

வெளிநாடுகளில் வாழும் வாசகர்கள் இந்த இடத்தில் சற்று நின்று சிந்திக்க வேண்டும். ஊருக்கு வரும்போது சொக்லேட்டோடும் சவர்க்காரத்தோடும் சேர்த்து இத்தகைய மருந்துகளையும் நாம் பெட்டியில் அடுக்கிக்கொண்டு வருகிறோம். அன்பினால்தான் கொண்டுவருகிறோம். ஆனால் அது யாருக்கு ஆகும், யாருக்கு ஆகாது என்பதைத் தமிழில் எழுதி ஒட்டிக் கொடுப்பதில்லை.

மாட்டு மருந்து

மலைநாட்டுக் கிராமங்களில் வெளிநாட்டுத் துளிமருந்தைவிட அதிகம் புழங்குவது மாட்டு மருந்து. அமிட்ராஸ் அவற்றுள் ஒன்று. தண்ணீரில் உரிய அளவு கலந்து மாட்டின் மேல் தெளிப்பதற்கும், மிருக வைத்தியரின் ஆலோசனைப்படி நாயின் தோல்நோய்க்குப் பூசுவதற்கும் பயன்படும் பொருள். அளவு மிகுந்தால் மயக்கம், இதயத் துடிப்புக் குறைதல், இரத்த அழுத்தம் வீழ்தல், இரத்தத்தில் சீனி ஏறுதல் என்று வரிசையாக வரும். பூனைக்கும் நீரிழிவுள்ள நாய்க்கும் அது ஏற்றதல்ல.

மனிதர் உடலுக்குள் அமிட்ராஸ் போனால் என்னவாகும் என்பதை இலங்கை மருத்துவர்கள் 2017இல் ஒரு மருத்துவ இதழில் பதிவு செய்திருக்கிறார்கள். நோயாளி உயிர் தப்பினார். மனிதருக்கென்று இதற்குத் தனிப் பதில் மருந்து கிடையாது என்பதும், இதன் அறிகுறிகள் ஒர்கனோபொஸ்பேட் நஞ்சின் அறிகுறிகளோடு குழப்பிக்கொள்ளத் தக்கவை என்பதும் மருத்துவ உலகம் அறிந்தவை. முன்னர் சொன்ன அற்றோபினை நினைத்துக்கொள்ளுங்கள். எந்த நஞ்சு என்று தெரியாவிட்டால் எந்த மருந்து என்றும் தெரியாது.

சந்தைகளிலும் சிறு கடைகளிலும் பெரிய கலனிலிருந்து மருந்தைச் சிறு போத்தலில் ஊற்றித் தருவதை நான் பல தடவை கண்டிருக்கிறேன். நெல்லிரசம் குடித்த போத்தலாக இருக்கலாம். இருமல் மருந்துப் போத்தலாகவும் இருக்கலாம். மேலே பெயர் இல்லை, அளவு இல்லை, திகதி இல்லை. 'ஒரு மூடி, ஒரு வாளித் தண்ணி' என்பதே அங்கு கிடைக்கும் ஆலோசனை. எந்த மூடி? எந்த வாளி? வாங்குபவர் கேட்பதில்லை. பணத்தட்டுப்பாடு மிகுந்த 2022ஆம் ஆண்டிலும் அதன் பின்னரும் மிருக வைத்தியருக்குக் கொடுக்கப் பணமின்றி இந்தப் போத்தலை நாடியவர்களைக் குறைசொல்ல என் மனம் ஒப்பவில்லை. ஆனால் பெயரில்லாத போத்தல் ஒன்று வீட்டுக்குள் வரும்போது, ஆபத்து வந்தால் மருத்துவர் எடுக்க வேண்டிய முதல் முடிவை அது அவரிடமிருந்து பறித்துவிடுகிறது.

ஐவர்மெக்டின் கதையும் இதைப் போன்றதே. ஆற்றங்கரைக் குருடு என்ற நோயிலிருந்து ஆபிரிக்க மக்களைக் காத்த மருந்து அது. அதைக் கண்டறிந்த கம்பலும் ஒமுராவும் 2015இல் நோபல் பரிசு பெற்றனர். மாட்டுக்கான அதன் ஊசிமருந்தை நாய்க்குக் குத்துவோர் உண்டு. கொலி முதலிய சில இன நாய்களின் மூளைக்குள் இம்மருந்து தடையின்றிப் புகுந்துவிடும். அதற்குக் காரணமான மரபணு மாற்றம் 2001இல் கண்டறியப்பட்டது. கலப்பின நாயின் உடலில் எந்த இனத்தின் மரபணு இருக்கிறது என்பதை வெறுங்கண்ணால் யாரும் சொல்ல முடியாது.

முறைப்பாடுகளின் காலம்

அமெரிக்கச் சுற்றாடல் பாதுகாப்பு முகவரகத்துக்கு 2008ஆம் ஆண்டில் மட்டும் துளிமருந்துகள் தொடர்பாக 44,000க்கும் மேற்பட்ட முறைப்பாடுகள் கிடைத்தன. தோல் எரிச்சல் முதல் மரணம் வரை அவற்றில் இருந்தன. ஆராய்ந்து பார்த்தபோது சிறிய நாய்களே அதிகம் பாதிக்கப்பட்டிருந்தன. பெரிய நாயின் மருந்து சிறிய நாய்க்கும், நாயின் மருந்து பூனைக்கும் இடப்பட்டிருந்தன. 2010இல் பெயர்த்தாள்களைத் தெளிவாக்குமாறு அந்த முகவரகம் வலியுறுத்தியது.

2021இல் செரெஸ்டோ என்ற கழுத்துப்பட்டி செய்தியானது. 2012 முதல் அதைப் பற்றி 75,000 முறைப்பாடுகளும் அவற்றுள் ஏறத்தாழ 1,700 மரணங்களும் பதிவாகியிருந்ததை அமெரிக்கப் பத்திரிகையாளர்கள் வெளிக்கொணர்ந்தனர். முறைப்பாடு வேறு, நிரூபணம் வேறு. கோடிக்கணக்கில் விற்கும் பொருளுக்கு முறைப்பாடும் கூடும் என்று தயாரிப்பாளர் தரப்பு வாதிட்டது. 2023இல் அம்முகவரகம், புதிய எச்சரிக்கைகளோடும் நிபந்தனைகளோடும் விற்பனையைத் தொடர அனுமதித்தது. இந்த விவகாரத்தில் எனக்கு முக்கியமாகப் படுவது தீர்ப்பு அல்ல. முறைப்பாடுகளைப் பதிந்து வைக்க ஓர் இடம் இருந்தது என்பதே. எங்கள் மூதாட்டியின் பூனை எந்தப் பதிவேட்டிலும் இல்லை.

மருந்து, நாயோடு நின்றுவிடுவதும் இல்லை. இங்கிலாந்தின் 20 ஆறுகளில் எடுத்த நீர்மாதிரிகளில் 99 சதவீதத்தில், தெள்ளுக்கு எதிரான ஃபிப்ரோனில் இருந்ததை 2020இல் சசெக்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்டனர். உக்குவளைக்காரனான எனக்கு இதைப் படித்ததும் சுது கங்கைதான் நினைவுக்கு வந்தது. பொல்கொல்லையில் மறிக்கப்படும் மகாவலி நீர், 1976 முதல் மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியாக எங்கள் ஊர் மின்நிலையத்துக்கு வந்து சுது கங்கையில் விழுகிறது. அங்கிருந்து போவதென்ன வழியாக வடக்கே வயல்களுக்கும் குளங்களுக்கும் போகிறது. மருந்து பூசிய நாயை ஆற்றில் இறக்கிக் குளிப்பாட்டுவது நாம் சிறுவயது முதல் கண்ட காட்சி. எங்கள் ஆற்றில் நாம் கழுவி விடுவது, வேறொருவர் வயலில் போய்ப் பாய்கிறது.

'இயற்கை' என்ற சொல்

மாத்தளை வாசனைத் திரவியத் தோட்டங்களின் பூமி. கராம்பு எண்ணெய், கறுவா எண்ணெய் என்று எதைக் கேட்டாலும் கிடைக்கும். இரசாயனத்துக்குப் பயந்தவர்கள் இவற்றை நாடுகிறார்கள். கராம்பு எண்ணெயிலுள்ள பொருளையும் பூனையின் ஈரலால் எளிதில் கையாள முடியாது. புகையிலை ஊறிய தண்ணீர் நம் முன்னோர் பயன்படுத்தியதுதான். அதிலிருக்கும் நிக்கோட்டின் கடும் நஞ்சு. அன்னமுன்னா விதைப் பொடி கண்ணில் பட்டால் கருவிழியைப் புண்ணாக்கும். மண்ணெண்ணெயைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை. செடியில் பிறந்ததால் ஒன்று சாதுவாகிவிடாது. பெர்மெத்ரினின் மூதாதையும் ஒரு பூதான்.

எஞ்சியிருக்கும் கடமை

நஞ்சைக் கட்டுப்படுத்துவதில் இலங்கை உலகுக்கு முன்னோடியாக இருந்த வரலாறு நமக்கு உண்டு. 1980ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கப் பீடைகொல்லிக் கட்டுப்பாட்டுச் சட்டம் அதன் அடித்தளம். பீடைகொல்லிப் பதிவாளரின் அலுவலகம் எங்கள் ஊரிலிருந்து அதிக தூரமில்லாத பேராதனை கெட்டம்பேயில்தான் இருக்கிறது. மெத்தமிடோபொஸ், மொனோகுரோட்டோபொஸ் ஆகியன 1995இலும் எண்டோசல்பான் 1998இலும் தடைசெய்யப்பட்டன. இத்தகைய தடைகளால் இருபது ஆண்டுகளில் ஏறத்தாழ 93,000 உயிர்கள் காப்பாற்றப்பட்டதாக ஆய்வாளர் மதிப்பிட்டிருக்கிறார்கள். வயலில் அடிக்கும் நஞ்சை இவ்வளவு கண்டிப்போடு பார்த்த நாடு, நாயின் முதுகில் ஊற்றும் நஞ்சையும் அதே கண்ணால் பார்க்க வேண்டும் என்று கேட்பதில் தவறில்லை. பெரிய கலனிலிருந்து ஊற்றி விற்பதை நிறுத்துவதற்குப் புதிய விஞ்ஞானம் எதுவும் தேவையில்லை.

அதுவரை வாசகர்கள் செய்யக்கூடியவை சில. பெயர்த்தாள் இல்லாத மருந்தை வாங்க வேண்டாம். வாங்கினால், மருந்து முடியும்வரை பெட்டியைக் கிழிக்க வேண்டாம். நாயை நிறுத்துப் பார்க்காமல் அளவைத் தீர்மானிக்க வேண்டாம். குட்டிக்கும், சினைப்பட்டதற்கும், நோயுற்றதற்கும், முதியதற்கும் மிருக வைத்தியரைக் கேளாமல் எதையும் இட வேண்டாம். நாய்மருந்து பூனைக்கு ஆகாது. மருந்து காயும்வரை பூனையையும் குழந்தையையும் நாயிடமிருந்து விலக்கி வையுங்கள். நடுக்கமோ எச்சில் வழிதலோ கண்டால் வெதுவெதுப்பான நீரிலும் சவர்க்காரத்திலும் கழுவித் துடைத்து, மருந்துப் பெட்டியையும் கையோடு எடுத்துக்கொண்டு மிருக வைத்தியரிடம் ஓடுங்கள்.

இன்னொன்றும் உண்டு. நாயின் மேல் நாம் காணும் உண்ணி ஒரு சிறு பகுதிதான். கபில நிற நாயுண்ணியின் பெண் ஆயிரக்கணக்கில் முட்டையிடுவது நாயின் மேலல்ல. சுவர் வெடிப்பிலும் படுக்கைச் சாக்கின் மடிப்பிலும்தான். சாக்கைக் கொதிநீரில் போட்டு வெயிலில் காயவைப்பதும், வெடிப்பைச் சீமெந்தால் அடைப்பதும், மாலையில் காதுமடலையும் விரலிடுக்கையும் தடவிப் பார்த்துக் குறட்டினால் உண்ணியைப் பிடுங்குவதும் எந்தப் போத்தலிலும் கிடைக்காத மருந்து. அதற்குச் செலவாவது சிறிது நேரம் மட்டுமே. உண்ணி பரப்பும் காய்ச்சல் நாயைக் கொல்லக்கூடியது என்பதால் மருந்தே வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. எந்த மருந்து, யாருக்கு, எவ்வளவு என்ற மூன்று கேள்விகளுக்கும் விடை தெரிந்த பின்னர் மூடியைத் திறவுங்கள் என்றே சொல்கிறேன்.